படியேற முடியாதவரின் வீடு: இங்கிலாந்தில் வீட்டு மாற்றங்களுக்கான அரச உதவி நிதி

லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங் போன்ற இடங்களில் நம்மவர்கள் வாங்கிக் குடியிருக்கும் வீடுகள் பலவும் நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட தொடர்வீடுகள். வாசலில் ஒரு படி, நுழைந்ததும் ஒடுங்கிய நடை, அதன் முடிவில் செங்குத்தாக ஏறும் மாடிப்படி, மேலே படுக்கையறையும் குளியலறையும் என்பது அவற்றிற் பலவற்றின் அமைப்பு. முப்பது வயதில் அந்தப் படிகளை நாம் கவனிப்பதே இல்லை. ஊரிலிருந்து வந்து நம்மோடு வாழும் அம்மாவுக்கு முழங்கால் மூட்டுவாதம் முற்றியபின், அல்லது பக்கவாதம் வந்த அப்பா மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாளில்தான், அந்த வீட்டில் குளிப்பதற்கும் மலசலகூடம் போவதற்கும் மாடியேற வேண்டும் என்பது உறைக்கிறது. அப்போது குடும்பங்களில் பேசப்படும் வழிகள் பெரும்பாலும் இரண்டுதான்: முன் அறையில் கட்டிலைப் போட்டுப் பக்கத்தில் ஒரு கொமோட் நாற்காலியை வைப்பது, அல்லது வேறு வீடு பார்ப்பது. இருக்கும் வீட்டையே அவருக்கு ஏற்றபடி மாற்றுவதற்கு அரச நிதி கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது என்பது அநேகருக்குத் தெரிவதில்லை. அந்த உரிமை இங்கிலாந்தில் எப்படி இயங்குகிறது என்பதை, இதை முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

வீட்டு மாற்றம் என்பது ஒருவரின் உடலோ மனமோ செய்ய முடியாமற்போன ஒன்றை, வீட்டின் அமைப்பைத் திருத்துவதன் மூலம் மீண்டும் செய்யக்கூடியதாக ஆக்குவது. மலசலகூடச் சுவரில் பதிக்கும் ஒரு கைப்பிடியும் வீட்டு மாற்றம்தான். குளியல் தொட்டியை அகற்றிவிட்டுத் தரையோடு தரையாக அமைக்கும் ஷவரும், மாடிப்படியில் ஓடும் ஸ்டெயர்லிஃப்டும், சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலமாக்கப்படும் கதவும் அவ்வாறே. நிதி கிடைக்கும் வழியை வைத்து இவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1,000 பவுணுக்கு மேற்படாத சிறு மாற்றங்களும், குளியல் இருக்கை, உயர்த்திய கழிப்பிருக்கை போன்ற உதவிச் சாதனங்களும், தேவை உண்டு என்று கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி மன்றம் மதிப்பிட்டால் இலவசமாகவே கிடைக்க வேண்டும். அவற்றுக்கு வருமானக் கணக்கு எதுவும் கேட்கப்படாது. அதற்கு மேற்பட்ட வேலைகளுக்கு உரியதுதான் டிசேபிள்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்ட், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான வீட்டு வசதி மானியம். கவுன்சில் ஊழியர்கள் இதை டி.எஃப்.ஜி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கடிதங்களிலும் தொலைபேசியிலும் அந்த மூன்று எழுத்துத்தான் வரும் என்பதால் அதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இந்த நிதியின் வேர் 1970ஆம் ஆண்டில் இருக்கிறது. ஆல்ஃப் மொரிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேறிய சட்டம் ஒன்று, நீண்டகால நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு மாற்றங்களில் உதவுவதை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கியது. தனியான கிராண்ட் என்ற வடிவம் 1990இல் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1996ஆம் ஆண்டு வீட்டுவசதி மானியச் சட்டத்தின்படியான கிராண்ட். இதில் எல்லாவற்றிலும் முதன்மையானது ஒரு சொல்: கட்டாயம். விண்ணப்பதாரர் சட்டம் சொல்லும் நிபந்தனைகளை நிறைவுசெய்தால் கவுன்சில் இந்தக் கிராண்டைக் கொடுத்தே ஆக வேண்டும். 1998இல் பர்மிங்காம் மாநகராட்சிக்கு எதிராக நடந்த வழக்கில், ஒருவருக்கு இந்த மாற்றம் தேவையா என்று முடிவெடுக்கும்போது தன் கையிருப்பு எவ்வளவு என்பதைக் கவுன்சில் கணக்கில் எடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே தொலைபேசியில் யாராவது "இந்த ஆண்டுக்குரிய பணம் முடிந்துவிட்டது" என்று சொன்னால், அது விண்ணப்பத்தை மறுப்பதற்குரிய காரணம் ஆகாது. மத்திய அரசு இந்த நிதியைக் கவுன்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 2025-26 நிதியாண்டில் இங்கிலாந்து முழுமைக்கும் 71 கோடியே 10 இலட்சம் பவுண் ஒதுக்கப்பட்டது. நம் வரிப்பணமும் அதில் இருக்கிறது. கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

எந்தெந்த நோக்கங்களுக்குக் கிராண்ட் உண்டு என்பதைச் சட்டமே வரிசைப்படுத்தியிருக்கிறது. வீட்டுக்குள் வந்துபோவது, குடும்பம் கூடியிருக்கும் முதன்மை அறைக்கும் படுக்கையறைக்கும் செல்வது, மலசலகூடத்தையும் குளியல் தொட்டி அல்லது ஷவரையும் கைகழுவும் தொட்டியையும் பயன்படுத்துவது, சமைப்பது, வீட்டைப் போதிய அளவு சூடாக வைத்திருப்பது, விளக்குகளையும் மின் சாதனங்களையும் தாமே இயக்குவது ஆகியவை அதில் அடங்கும். தோட்டத்துக்குச் செல்லும் வசதி 2008இல் சேர்க்கப்பட்டது. வீட்டைப் பாதுகாப்பாக ஆக்குவது என்ற நோக்கமும் உண்டு. அது மாற்றுத்திறனாளிக்கு மட்டுமல்லாமல் அவரோடு வாழ்பவர்களுக்கும் பொருந்தும். சட்டத்தின் பார்வையில் பார்வை, செவி, பேச்சுக் குறைபாடுகளும் மனநலக் குறைபாடுகளும் உள்ளடங்குவதால், மறதிநோய் உள்ள ஒரு முதியவரோ ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனோ தீங்கின்றி இருப்பதற்கான மாற்றங்களையும் இதன்கீழ் கேட்கலாம். நடக்க முடியாதவர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிப் பல பெற்றோர் விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

வரிசையில் இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாடியிலுள்ள சாமியறைக்குப் போவது சட்டத்தின் பட்டியலில் இல்லை. சமையலைப் பொறுத்தவரை, வீட்டில் வேறொருவர்தான் வழக்கமாகச் சமைக்கிறார் என்றால் சமையலறை முழுவதையும் மாற்றக் கவுன்சில் பொதுவாக ஒப்புக்கொள்ளாது. ஆனால் பகல் முழுவதும் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, அம்மாதான் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு வைக்கிறார் என்றால் நிலைமை வேறு. அதைச் சொல்லாமல் விட்டால் எவருக்கும் தெரியப் போவதில்லை.

நோக்கம் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. இரண்டு கேள்விகளுக்கு விடை ஆம் என்று வர வேண்டும். முதலாவது, இந்த மாற்றம் இந்த மனிதருக்கு அவசியமானதும் பொருத்தமானதுமா என்பது. இதை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமாக ஓ.டி., என்ற தொழில்வழிச் சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்து மதிப்பிடுவார். இரண்டாவது, இந்த வீட்டின் வயதையும் நிலையையும் பார்க்கும்போது இது நியாயமானதும் நடைமுறைக்கு ஏற்றதுமா என்பது. இதைக் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவு பார்க்கும். வாசலில் 15 சென்டிமீட்டர் உயரமான ஒரு படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தில் 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் உச்சச் சரிவு. ஆகவே அந்த ஒற்றைப் படிக்கு 1.8 மீட்டர் நீளமான சாய்தளம் வேண்டும். அதைவிட உயரமான வாசலுக்கு நீளம் கூடுவதோடு, சரிவையும் இன்னும் தணிக்க வேண்டியிருக்கும். முன்புறம் நடைபாதையை ஒட்டியே இருக்கும் வீட்டில் அவ்வளவு இடம் இராது. அப்போது பின்வாசல் வழியாகச் செல்வது, சிறு தூக்கி ஒன்றை நிறுவுவது போன்ற வேறு வழிகளை ஆராய்வார்கள். ஓ.டி. மாவட்டத்தின் பெரிய கவுன்சிலிலும், கிராண்டைக் கையாள்பவர் கீழ்நிலைக் கவுன்சிலிலும் வேலைசெய்யும் பகுதிகள் லண்டனுக்கு வெளியே உண்டு. அங்கே ஒரு கடிதம் இங்கிருந்து அங்கே போய்ச் சேர்ந்ததா என்று நாமே விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பயணத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஓ.டி. வரும் அந்த ஒரு மணி நேரம்தான். எங்கள் வீட்டில் முதல் தடவை அது எப்படிப் போனது என்பதைச் சொல்கிறேன். காலை பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா ஏழு மணிக்கே எழும்பி, நல்ல சேலை உடுத்து, தலை வாரி, வருகிறவருக்குத் தேநீர் வைக்கத் தட்டை எடுத்து வைத்துவிட்டார். படி ஏறுவதில் சிரமம் உண்டா என்று ஓ.டி. கேட்டதை நான் மொழிபெயர்த்ததும், "ஓம் பிள்ளை, மெதுமெதுவா ஏறுவன், ஒண்டும் இல்லை" என்றார். ஏறிக் காட்டவும் செய்தார். கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து, ஆனால் முகத்தில் வலி தெரியாமல் ஏறினார். அன்று பிற்பகல் முழுவதும் அவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை. மூன்று வாரம் கழித்து வந்த அறிக்கையில், பிறர் உதவியின்றிப் படி ஏறுகிறார், கைப்பிடி ஒன்று போதும் என்று எழுதப்பட்டிருந்தது. ஓ.டி.யைக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தனக்குக் காட்டப்பட்டதை அவர் எழுதினார்.

பெற்ற பிள்ளைக்கே தன் இயலாமையைக் காட்ட விரும்பாத ஒரு தலைமுறை அது. அந்நியர் ஒருவருக்கு எப்படிக் காட்டும்? எனவே இரண்டாம் மதிப்பீட்டுக்கு முன் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன். எழுதத் தொடங்கிய பின்தான் நானே அறியாத ஒன்று தெரிய வந்தது: இரவில் மலசலகூடத்துக்குப் படியேற வேண்டிவரும் என்ற பயத்தில், அம்மா மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். குளிப்பதும் வாரத்தில் இரண்டு நாளாகச் சுருங்கியிருந்தது. இம்முறை ஓ.டி. "குளிக்க முடிகிறதா" என்று கேட்கவில்லை. "எப்படிக் குளிக்கிறீர்கள், காட்டுங்கள்" என்றார். ஏறத்தாழ அரை மீட்டர் உயரமான தொட்டி விளிம்பைத் தாண்ட அம்மா முதலில் சுவரையும், பிறகு திரைச்சீலை தொங்கும் கம்பியையும் பிடித்தார்; அந்தக் கம்பி சுவரிலிருந்து பாதி கழன்று இருந்தது. தொட்டிக்குள் வாளியையும் கோப்பையையும் கண்ட ஓ.டி., இது எதற்கு என்று விசாரித்தார். ஷவரின் கீழ் நிற்பதைவிட உட்கார்ந்து அள்ளி ஊற்றுவதே அம்மாவுக்குப் பழக்கம் என்று சொன்னதும், தரையோடு அமையும் ஷவரில் மடித்து வைக்கும் இருக்கையையும், வாளி வைக்கும் உயரத்தில் ஒரு தண்ணீர்க் குழாயையும் சேர்த்து எழுதிக்கொண்டார். நம் பழக்கவழக்கங்கள் தேவையின் ஒரு பகுதி. அவற்றை விளக்க வெட்கப்படக் கூடாது. இன்னொன்றையும் அனுபவத்தில் சொல்கிறேன்: இன்ன பொருள் வேண்டும் என்று கேட்பதைவிட, இன்ன காரியம் செய்ய முடியவில்லை என்று சொல்வதே பலன் தரும். பொருளைத் தெரிவது அவர்கள் வேலை. முடியாததைச் சொல்வது நம் வேலை.

அடுத்தது பணக் கணக்கு. நம் குடும்பங்கள் பெரும்பாலும் தவறாக விளங்கிக்கொள்ளும் பகுதி இதுதான். "நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்கிறோம், எங்களுக்குத் தரமாட்டார்கள்" என்று மகனோ மகளோ முடிவுகட்டிவிடுவதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். வருமானக் கணிப்பில் பார்க்கப்படுவது மாற்றுத்திறனாளியின் வருமானமும் சேமிப்பும், அவருக்குக் கணவனோ மனைவியோ துணையோ இருந்தால் அவருடையதும் மட்டுமே. அதே கூரையின் கீழ் வாழும் வளர்ந்த பிள்ளைகளின் சம்பளம் கணக்கில் வராது. வீடு மகனின் பெயரில் இருந்தாலும் கணிக்கப்படுவது அம்மாவின் நிலைமைதான். குடியிருக்கும் வீட்டின் பெறுமதியும் சேர்க்கப்படாது. சேமிப்பில் முதல் 6,000 பவுண் விலக்கப்படும். அதற்கு மேற்பட்டது வாரந்தோறும் இவ்வளவு வருமானம் தருகிறது என்று வைத்துக் கணக்கிடுவார்கள். பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்குரிய அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகை வருமானமாகக் கொள்ளப்படாது. குறைந்த வருமானமுள்ளோருக்கான யுனிவர்சல் கிரெடிட்டோ, அத்தகைய முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டின் கியாரண்டி பகுதியோ பெறுபவர் தம் பங்காக எதுவும் கட்ட வேண்டியதில்லை. மாற்றம் தேவைப்படுவது 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு என்றால், பெற்றோர் எவ்வளவு சம்பாதித்தாலும் வருமானக் கணிப்பே இல்லை.

கணிப்பின் முடிவில், உங்கள் பங்கு இவ்வளவு என்று ஒரு தொகை வரும். வேலைச் செலவு 9,000 பவுண், உங்கள் பங்கு 2,500 பவுண் என்றால் கிராண்ட் 6,500 பவுண். பங்கு செலவைவிடக் கூடுதலாக வந்து கிராண்ட் பூச்சியம் என்று ஆனாலும், அந்தப் பூச்சிய அங்கீகாரத்தை எழுத்தில் பெற்றுவைப்பது நல்லது. பின்னர் உடல்நிலை மோசமாகி இன்னொரு மாற்றம் தேவைப்படும்போது, அங்கீகரிக்கப்பட்ட வேலைக்கு முன்பு நீங்கள் செலவழித்த பங்கைக் கழித்துக் கணக்கிட அது உதவும்.

இங்கிலாந்தில் இந்தக் கிராண்டின் உச்சவரம்பு 30,000 பவுண். 2008இல் 25,000 பவுணிலிருந்து உயர்த்தப்பட்ட இந்த வரம்பு அதன்பின் அசையவில்லை. கட்டடச் செலவு ஏறிய வேகத்தைப் பார்த்தவர்கள், பின்புறம் ஒரு படுக்கையறையும் குளியலறையும் கட்டியெழுப்ப அது எவ்வளவு போதாது என்பதை அறிவார்கள். இந்த வரம்பை உயர்த்தாமல் விட்டது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். வரம்புக்கு மேல் தேவைப்பட்டால், தம் விருப்பின்பேரில் கூடுதல் உதவி வழங்கும் அதிகாரம் கவுன்சில்களுக்கு உண்டு. அது கட்டாயமல்ல, ஆனால் அதற்கான கொள்கையைக் கவுன்சில்கள் வெளியிட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்கி வாசிக்க வேண்டும்.

வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. கிராண்ட் 5,000 பவுணுக்கு மேற்பட்டால், மேற்பட்ட தொகையைக் கவுன்சில் வீட்டின் மீது ஒரு கடன்பொறுப்பாகப் பதிவுசெய்யலாம். பத்து ஆண்டுகளுக்குள் வீட்டை விற்றால் அதைத் திரும்பக் கேட்கவும் முடியும், ஆனால் எந்நிலையிலும் 10,000 பவுணுக்கு மேல் கேட்க முடியாது. 11,000 பவுண் கிராண்டில் 6,000 பவுண். 18,000 பவுண் கிராண்டில் மேற்பட்டது 13,000 பவுணாக இருந்தாலும் 10,000 மட்டும். மாற்றுத்திறனாளி அந்த வீட்டில் ஐந்து ஆண்டு, அல்லது உடல்நிலை இடந்தரும் காலம் வரை, வாழும் எண்ணம் உண்டு என்று ஒரு சான்றும் கையெழுத்திட வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஹவுசிங் அசோசியேஷன் எனப்படும் வீட்டுச் சங்கங்களின் குடியிருப்பாளர்களுக்கும் தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் தேவைப்படும். கவுன்சில் வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கவுன்சிலே தன் வீட்டுவசதிக் கணக்கிலிருந்து வேலையைச் செய்து கொடுக்கும். விசாவில் வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்காக எந்த அரச உதவியைக் கேட்பதற்கு முன்பும் குடிவரவுச் சட்ட ஆலோசனை பெற்றுக்கொள்ள வேண்டும்.

காலக்கெடுக்கள் சட்டத்தில் தெளிவாக இருக்கின்றன. முறையாக நிரப்பிய விண்ணப்பம், பொதுவாக இரண்டு ஒப்பந்தக்காரரின் விலைமதிப்புடன் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கவுன்சில் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். அங்கீகாரம் கிடைத்தபின் வேலையை முடிப்பதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் உண்டு. ஆனால் அந்த ஆறு மாதக் கடிகாரம் விண்ணப்பம் கொடுத்த நாளில்தான் ஓடத் தொடங்குகிறது. அதற்கு முன் ஓ.டி.யின் வருகைக்காகக் காத்திருக்கும் மாதங்கள் அதில் சேரா. உண்மையான தாமதம் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கிறது. அதனால் விண்ணப்பப் படிவத்தைத் தாருங்கள் என்று எழுத்தில் கேட்பது முக்கியம். படிவத்தை மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. அதைவிட முக்கியமானது, அங்கீகாரக் கடிதம் கைக்கு வருமுன் வேலையைத் தொடங்கக் கூடாது. தெரிந்த பிளம்பர் ஒருவர் மலிவாகச் செய்துதருகிறார் என்று தொட்டியை உடைத்தபின் விண்ணப்பித்தால், செய்து முடித்த வேலைக்குப் பணம் கிடைக்காது.

இதுவரை சொன்னது இங்கிலாந்துக்கு. வேல்ஸில் உச்சவரம்பு 36,000 பவுண். ஸ்கொட்லாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அத்தியாவசிய மாற்றங்களுக்கான செலவில் 80 விழுக்காடு கிராண்டாகக் கிடைக்கும். குறிப்பிட்ட உதவித்தொகைகள் பெறுவோருக்கு முழுச் செலவும் கிடைக்கும். வட அயர்லாந்தில் கவுன்சிலை அல்லாமல் ஹவுசிங் எக்ஸிகியூட்டிவ் என்ற அமைப்பை அணுக வேண்டும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தருவது கவுன்சிலின் கடமை. அந்தக் காரணம் நியாயமாகத் தோன்றாவிட்டால், அல்லது ஆறு மாதம் கடந்தும் பதில் வராவிட்டால், முதலில் கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, அங்கும் தீராவிட்டால் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாக முறையிடலாம். தேதிகளோடு எழுதி வைத்த குறிப்புகள் அப்போது மிகவும் கைகொடுக்கும்.

தொடங்குவதற்கு வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. உங்கள் கவுன்சிலின் முதியோர் மற்றும் வளர்ந்தோர் சமூகப் பராமரிப்புப் பிரிவை அழையுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். பிள்ளை முன்னிலையில் சொல்லக் கூசும் விடயங்களைப் பலர் மூன்றாம் மனிதரிடம் தயங்காமல் சொல்வதுண்டு. பிறகு இவ்வளவைச் சொன்னால் போதும்: "என் தாயாருக்கு 78 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுவாதம். குளியலறையும் மலசலகூடமும் மாடியில் இருக்கின்றன. கடந்த இரண்டு மாதத்தில் படியில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். தொட்டிக்குள் தனியாக இறங்க முடிவதில்லை. வீட்டு மாற்றங்களுக்காக ஓ.டி. மதிப்பீடு வேண்டும், டி.எஃப்.ஜி. விண்ணப்பப் படிவமும் வேண்டும்." அழைப்பை வைப்பதற்கு முன், பேசியவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு, அன்றைய தேதியோடு கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.